ஒரு லட்சம் ரூபாய்க்கு நான் வாங்கிய விழிப்புணர்வு

அந்த பிளக்ஸ் பேனர் இன்னும் எங்கள் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்தான் கிடக்கிறது. பத்தடிக்கு ஆறடி. ‘ஆட்டிசம் விழிப்புணர்வுப் பேரணி, 2.4.2023’ என்று நீலத்தில் கொட்டை எழுத்து. கீழே நன்கொடை தந்த சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) பன்னிரண்டு பேர் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள், ஓரத்தில் என் படமும் உண்டு. இப்போது அதன் மேல் நெத்திலி காய்கிறது. நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அங்கே இருந்தது என் தங்கச்சி மகன் படம். பேரணி முடிந்த மறுநாள் அவளே கத்திரிக்கோலோடு வந்து அதை மட்டும் வெட்டி எடுத்துப் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், கரையில் என்னைக் கூப்பிடுவதே ‘கணக்கு’ என்றுதான். மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். திங்கள், புதன், சனி படகு போனால் மறுநாள் காலைதான் கரை. அந்த ராத்திரிகளில் தங்கச்சியும் அவள் மகனும் மட்டும்தான் வீட்டில். வீட்டில் எல்லாரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வலையில் கட்டும் பிளாஸ்டிக் மிதவைகளைக் கொடுத்துவிட்டால் போதும், மணிக்கணக்கில் ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டிருப்பான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். 2022 ஜனவரியில் மதுரைக்குக் கொண்டுபோனோம். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். எழுபதைத் தொட்டாலே ஆட்டிசம் என்பது கணக்கு. இவனுக்கு 118, நடுத்தரம் என்றார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இது மருந்து கொடுத்து மாற்றுகிற நோய் இல்லை, மூளை வளர்ந்த விதமே அப்படி, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி, வீட்டில் பயிற்சி என்று சீக்கிரம் தொடங்குங்கள், அரசாங்கச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் காதில் வாங்கியது ‘மருந்து இல்லை’ என்ற இரண்டே வார்த்தையைத்தான்.

மருந்து இல்லை என்று கேட்டுவிட்டு வருகிறவனுக்கு ஊரே மருந்து கொடுக்கும். ஒருவர் லேகியம் என்றார், மூன்று மாதத்தில் 46,000 போயிற்று. இன்னொருவர் ஸ்டெம் செல் என்றார், நாலு லட்சம் கேட்டார். தங்கச்சி நகையை எடுத்து மேசையில் வைத்தேவிட்டாள். அப்போது எங்களைக் காப்பாற்றியது கம்பெனிக்கு மீன் எடுக்க வரும் ஒருவரின் மகள். மருத்துவம் படிக்கிற பெண். தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசம்பரில் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது மாமா, கொடுக்காதீங்க என்றாள். தடுப்பூசியால் வந்தது என்று ஒரு சித்தி கிளப்பிவிட்டதற்கும் அவளே பதில் சொன்னாள். அப்படிச் சொன்ன 1998-ஆம் வருட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டதாம். இந்த மாதிரி ஒரு ஆள் கூடவே இருந்திருந்தால் லேகியக் காசும் மிஞ்சியிருக்கும்.

ஒரு புதன்கிழமை ராத்திரி தங்கச்சி வீட்டுக்குப் போனேன். சின்னவனின் கணுக்காலில் பழைய சேலைத் துணி, மறுமுனை கட்டில் காலில். நான் அப்படியே நின்றுவிட்டேன். “கதவத் தொறந்துக்கிட்டு கடலுக்கு ஓடிர்றாண்ணே. நா கண்ணசந்தா என்ன செய்யிறது? நீ சொல்லு” என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது நான் ராமநாதபுரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். எங்கள் மாவட்டத்துக்காரன் எவனுக்கும் அது மறக்காது. கட்டி வைத்தவர்களை அன்றைக்குத் திட்டாத வாய் கிடையாது, என் வாயையும் சேர்த்து. என் தங்கச்சி வீட்டுக் கட்டில் காலைப் பார்த்தபோதுதான், கட்டுகிற கைக்குப் பின்னால் தூங்காத கண்ணும் இருக்கலாம் என்று உறைத்தது. தாய்மாமன் என்று காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவன் நான். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற வெறி வந்தது. அந்த வெறியில்தான் ஏமாந்தேன்.

ஒரு டிரஸ்ட்காரர் அறிமுகமானார். பெயர் வேண்டாம். வெள்ளைச் சட்டை, அழகான பேச்சு, போனில் நிறையப் பிள்ளைகளின் படம். ராமேஸ்வரம் தீவிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் திறக்கலாம், இடம் பார்த்தாயிற்று, வாடகை முன்பணமும் சாமான்களும்தான் பாக்கி, நீங்கள் உள்ளூர்க்காரர், நாலு பேரிடம் சொல்லுங்கள் என்றார். சின்னவனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லித் தங்கச்சியிடம் ஆறாயிரம் வாங்கிக்கொண்டார். நான் சம்மாட்டிகளிடம் போனேன், நண்டுக் கம்பெனியில் கேட்டேன், துபாயில் இருக்கும் கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் சின்னவன் படத்தோடு எழுதினேன். நாலு மாதத்தில் 1,43,000 சேர்ந்தது. அதில் ஒரு லட்சத்தை அவர் சொன்ன கணக்கில் போட்டேன். அது டிரஸ்ட் கணக்கு இல்லை, அவருடைய சொந்தக் கணக்கு. கணக்கப்பிள்ளைக்கு அது கண்ணில் படவில்லையா என்று கேட்காதவர் இல்லை. பட்டது. நல்ல காரியத்தில் போய் சந்தேகப்படுவதா என்று விட்டுவிட்டேன். ஐஸ் கம்பெனியில் ஐம்பது ரூபாய் வவுச்சருக்குக் கையெழுத்து கேட்கிறவன் நான்.

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2007-இல் ஐ.நா. தீர்மானம் போட்டு 2008-லிருந்து நடக்கிறது. 2023-இல் அது குருத்தோலை ஞாயிறாகவும் அமைந்தது. பூசை முடிந்து வரும் கூட்டம் கையில் இருக்கும், பத்து மணிக்குப் பேரணி வைத்துவிடலாம் என்றார் டிரஸ்ட்காரர். நூறு நீல டிசர்ட் 14,000, பிளக்ஸும் ஆட்டோ மைக்செட்டும் 6,500, பலூன், சர்பத், மத்தியானச் சாப்பாடு 11,000. சின்னவனுக்கும் ஒரு டிசர்ட். கழுத்துப் பக்கம் உறுத்துகிறது என்று காலையிலிருந்தே பிய்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சி வேண்டாம் என்றாள். அவன் வராமல் எப்படி, அவனுக்காகத்தானே என்று நான்தான் தூக்கி வந்து முன்வரிசையில் நிறுத்தினேன். மைக்செட் அலறியது. யாரோ ஒரு பையன் பலூனை உடைத்தான். அடுத்தடுத்து நாலைந்து வெடித்தன. சின்னவன் தரையில் உட்கார்ந்து தலையை முட்டிக்கொண்டான். தங்கச்சி அவனைத் தூக்கப் போவதற்குள் சம்மாட்டி ஒருவருக்குச் சால்வை போட போட்டோக்காரர் எல்லாரையும் ஒதுக்கினார். அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளையைக் காணோம்.

நாற்பது நிமிஷம். பிள்ளைகள் விளையாடுகிற தெருவெல்லாம் தேடினோம். மைக்கில் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெயருக்குத் திரும்பாத பிள்ளையை, அவன் எதற்குப் பயந்து ஓடினானோ அதே மைக்கில். கடைசியில் கண்டுபிடித்தது ஒரு வள்ளத்துக்காரர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வள்ளத்தின் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பேர் அவன் போனதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. “யாரு புள்ளடா நீன்னு கேட்டேன். காதுலயே வாங்காமப் போனான். திமிரு புடிச்ச பயன்னு நெனச்சேன் கணக்கு” என்றார் ஒருவர். அவர் முதுகில் இருந்தது எங்கள் நீல டிசர்ட்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறுவது சாதாரணம். பலருக்குத் தண்ணீர் மேல் தீராத இழுப்பு உண்டு, ஆபத்து புரியாது. இந்தப் பிள்ளைகள் விபத்தில் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று தண்ணீரில் மூழ்குவது. கடற்கரையில் இருக்கும் நமக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. காணோம் என்றால் முதலில் ஓடவேண்டியது தண்ணீர்ப் பக்கம். கடல், ஊருணி, இறால் பண்ணைக் குட்டை, திறந்து கிடக்கிற தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தெரு. கூட்டமாகப் பெயர் சொல்லிக் கத்துவதில் பிரயோஜனமில்லை. கூடவே அவசர உதவி எண் 112-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ ஒருவர் போன் போட்டுவிட வேண்டும். நாங்கள் பிறகு செய்தவை எல்லாம் சில்லறை வேலைதான். கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கூடவே ஒரு மாட்டு மணி. அரைஞாண் கயிற்றில் தாயத்து மாதிரி சின்ன வெள்ளித் தகடு, அதில் இரண்டு போன் நம்பர். கழுத்தில் போட்டால் பிய்த்துவிடுவான், இடுப்பில் மறந்துபோகிறான். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. கட்டில் காலில் சேலைத் துணி அதற்குப் பிறகு இல்லை.

டிரஸ்ட்காரர் மே மாதம் வரை போன் எடுத்தார். ஜூனில் நம்பரே இல்லை. அவர் காட்டிய இடத்துக்குப் போனேன், அங்கே கருவாட்டுக் குடோன். துபாய்க் கூட்டாளி ஒருவன் வரிவிலக்குக்கு ரசீது கேட்டபோதுதான் அதில் அச்சடித்திருந்த 80ஜி (நன்கொடைக்கு வரிவிலக்குத் தரும் பதிவு) எண்ணை வருமான வரித்துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு பதிவே இல்லை. இரண்டு பேர் என்னிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கேட்டதில் தப்பில்லை. மோதிரத்தை வைத்து 38,000 கொடுத்தேன். மிச்சம் இருந்த 11,500-ஐ யாரிடம் கொடுக்க என்று தெரியாமல் ஆறு மாதம் பீரோவில் வைத்திருந்தேன். போலீஸில் மனு கொடுத்தேன், அது போய்க்கொண்டே இருக்கிறது. பணத்தைவிட வலித்தது வேறு. அந்த ஆள் எடுத்துத் தருகிறேன் என்ற அடையாள அட்டைக்காகக் காத்திருந்து சின்னவனுக்குப் பதினாலு மாதம் போயிற்று. நாலு வயதுப் பிள்ளைக்குப் பதினாலு மாதம் என்றால் என்ன என்று பயிற்சி கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. யாருக்கும் ஆறாயிரமும் வேண்டாம், அறுபதும் வேண்டாம்.

நன்கொடை கொடுக்க நினைக்கிறவர்கள் என் கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். பதிவு செய்த டிரஸ்ட் பத்திரத்தின் நகல் கேளுங்கள். வரிவிலக்குப் பதிவு எண்களை (1961-ஆம் வருடச் சட்டத்தில் 12ஏ, 80ஜி) நீங்களே வருமான வரித்துறை தளத்தில் பாருங்கள், அவர்கள் காட்டும் காகிதத்தை நம்பாதீர்கள். வங்கிக் கணக்கு டிரஸ்ட் பெயரில் இல்லையென்றால் பத்து ரூபாயும் போடாதீர்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு வராது. விலக்கு கேட்க டிரஸ்ட் ரசீது மட்டும் போதாது, வருமான வரித்துறை தளம் வழியாக டிரஸ்ட் எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றும் வேண்டும். அதுவும் பழைய வரி முறையில் கணக்குக் கொடுக்கிறவர்களுக்குத்தான். இதைவிட முக்கியமானது ஒன்று. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இந்தப் பிள்ளைகளை வைத்து நிறுவனம் நடத்துகிற எவரும் அரசிடம் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய் ‘இவங்களுக்குப் பதிவு இருக்கா’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் ஒரு லட்சம் தப்பியிருக்கும். பயிற்சி கொடுப்பவர்களுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, பைலை எடுத்து முன்னால் வைத்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உண்மையான மையம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம், அங்கே என்ன கொடுப்பது? நம் ஆட்கள் பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுபோவோம், கேக் வெட்டுவோம், பிள்ளைகளோடு நின்று படம் எடுப்போம். ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர் என்னிடம் பிறகு சொன்னார். அந்த மாதிரி வருகை உள்ள நாளில் பாதிப் பிள்ளைகள் வாடிக்கையான ஒழுங்கு குலைந்து தவித்துப்போவார்களாம், சாப்பாட்டின் வாசனையும் பதமும் மாறினாலே சிலர் தட்டைத் தொட மாட்டார்களாம். அவர்களுக்குத் தேவையெல்லாம் யாரும் கொடுக்க நினைக்காத பொருள்: வேன் டீசல், கரண்ட் பில், டீச்சர் சம்பளம். பயிற்சியில் தேறிய டீச்சர்கள் சம்பளம் போதாமல்தான் விட்டுப் போகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பத்தாயிரத்துக்குப் பதிலாக மாதம் எண்ணூறு என்று கொடுங்கள், அவர்களால் அதை நம்பி ஒருவரை வேலைக்கு வைக்க முடியும். படம் எடுக்காதீர்கள். அம்மா அப்பாவிடம் கேட்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். என் பேனரில் இருக்கிற ஓட்டையை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

எங்களுக்கு வழி திறந்தது இலவசமாகத்தான். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை வளாகத்தில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்பார்கள். சான்றிதழ், அடையாள அட்டை இரண்டும் முறையாக வந்தன. அட்டை வந்ததும் நிராமயா காப்பீட்டில் சேர்த்தோம். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் வரும் திட்டம், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை, பயிற்சிச் செலவிலும் ஒரு பகுதி கிடைக்கும். வருடா வருடம் புதுப்பிக்க மறந்துவிடக் கூடாது, எங்களுக்கு ஒரு வருடம் அப்படிப் போயிற்று. பள்ளிப் பக்கத்தில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களைக் கேட்கலாம்.

ஆனால் இலவச மையத்துக்கும் பஸ் காசு வேண்டுமே. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து வெளியேற பஸ்தான் இருந்தது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல், கூட்டத்தில், சத்தத்துக்கு மிரளுகிற பிள்ளையோடு. வாரம் இரண்டு தடவை போக அவளால் முடியவில்லை. பீரோவில் கிடந்த 11,500 அப்போதுதான் வெளியே வந்தது. தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரிடம் பேசி, மச்சான் கரையில் இருக்கும் செவ்வாய், வெள்ளியில் ராமநாதபுரம் போய் வர, அது தீரும் வரை. கொடுத்தவர்கள் எல்லாரிடமும் கணக்கு எழுதிக் காட்டிவிட்டுத்தான் எடுத்தேன். அது தீர்ந்தபோது நண்டுக் கம்பெனிக்காரர் தானாகவே முன்வந்து அடுத்த மாதத்துக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மச்சானுக்குக் கடல் இல்லையே, இரண்டு பேரும் பிள்ளையோடு சென்னைக்குப் போய் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்துக்குப் பக்கத்தில் தங்கி, வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பழகி வந்தார்கள். அறை வாடகை 14,000. சின்னவன் பெயரைச் சொல்லி நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான். இப்போது படம் ஒட்டிய அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கிறான். மிக்ஸி போடுவதற்கு முன்னால் தங்கச்சி கையை உயர்த்திக் காட்டுகிறாள், அவனே காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறான்.

பேரணி மறுபடி வைக்கவில்லை. அதற்குப் பதிலாகப் படகுத்துறைக்குப் போனேன், அவனையும் கூட்டிக்கொண்டு, விடியற்காலை, சத்தம் குறைந்த நேரத்தில். ஐஸ் ஏற்றுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒவ்வொருவரிடமும் அவனைக் காட்டினேன். “இவன் என் மருமகன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், திமிரு இல்ல. தனியாப் பாத்தா எனக்குப் போன் போடுங்க. கையப் புடிச்சு இழுத்தா கத்துவான், பக்கத்துல மட்டும் நில்லுங்க. மிதவை குடுத்தா உக்காந்துருவான்.” இவ்வளவுதான். நாலு நாளில் முடிந்தது. சிலர் கிண்டலடித்தார்கள். ஒரு கிழவனார் மந்திரிக்கச் சொன்னார். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு அவனைப் பாம்பனில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். முடிதிருத்துகிறவர் இப்போது கடை திறக்குமுன் வரச்சொல்கிறார், மெஷின் போடாமல் கத்திரியால் வெட்டுகிறார். தோணுகிறபோது நிறுத்தி நிறுத்தி, இரண்டு நாளில் ஒரு தலை.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வாடைக்காற்று, மாதக் கணக்கு முடிக்கும் மும்முரத்தில் இருந்தேன். போன் வந்தது. அன்றைக்குத் திமிரு பிடித்த பயல் என்று சொன்னாரே, அதே வலைக்காரர்.

“கணக்கு, ஒங்க மருமகப்பிள்ள இங்கதான் இருக்காரு. பதறாம வாங்க. கையப் புடிக்கல. பொய (மிதவை) பத்து பதினஞ்சு குடுத்துருக்கேன், அடுக்கிக்கிட்டு இருக்காரு. தண்ணிக்கும் அவருக்கும் நடுவுல நா உக்காந்துருக்கேன்.”

நான் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வலைக்காரர் வேலையை விட்டுவிட்டு முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். சின்னவன் வரிசை அவர் கால் வரைக்கும் வந்திருந்தது. “இந்தக் காலத்தான் எடுக்கச் சொல்லுதாரு போல, தட்டித் தட்டிக் காட்டுதாரு. எடுக்கட்டுமா?” என்று என்னிடம் கேட்டார்.